அந்த நட்டுல கை வைக்காதீங்க!

ஆலங்குடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நண்பர் வீட்டு முற்றத்தில் அவருடைய பழைய கார், இரண்டு ஸ்டாண்டுகள் மீது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. டிக்கி திறந்திருக்கிறது. ‘‘பின்பக்க ஸ்ட்ரட்டை நாமே மாத்திடலாம். புதுக்கோட்டைக்குக் கொண்டு போனா லேபர் மட்டும் எவ்வளவு கேப்பாங்க தெரியுமா?’’ என்றபடி, டிக்கிக்குள் தெரிந்த நடு நட்டில் ஸ்பேனரை மாட்டினார். அப்போதுதான் தெருவில் போன மெக்கானிக் தம்பி ஒருவர் அலறினார்: ‘‘அண்ணே, அந்த நட்டுல கை வைக்காதீங்க!’’

ஏன் அலறினார்? ஸ்ட்ரட் என்பது ஒரு எண்ணெய்க் குழாய். அதைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதும் அந்த ஸ்பிரிங் அமுங்கியபடியேதான் இருக்கும். அதை அடக்கி வைத்திருப்பது அந்த நடு நட்டு ஒன்றுதான். முதலில் கழற்ற வேண்டியது சுற்றியுள்ள சின்ன நட்டுகள், கீழே இரண்டு போல்ட். மொத்தத்தையும் வெளியே எடுத்து, ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸர் போட்டு இறுக்கிய பிறகே நடு நட்டு. வரிசை மாறினால் ஸ்பிரிங், பீரங்கிக் குண்டு மாதிரி கிளம்பும். கை போகலாம், ஆளே போகலாம்.

இவ்வளவு ஆபத்தான ஒரு பொருள் நம் காருக்கு அடியில் எப்படி வந்து உட்கார்ந்தது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம், வாருங்கள்.

மேல்நாட்டுக் கோச்சு வண்டிகளில் பயணிகள் உட்காரும் பெட்டியை ஒரு காலத்தில் தோல் வாரில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். 1804-ல் லண்டன் வண்டித் தச்சர் ஒபதையா எலியட், வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி, நீள்வட்ட ஸ்பிரிங் செய்து பேட்டன்ட் வாங்கினார். அந்த ஐடியா கடல் கடந்து நம்மூருக்கு வந்தபோது நாம் வைத்த பெயர் இருக்கிறதே... ‘வில்வண்டி’! இதைவிடப் பொருத்தமான பெயர் இங்கிலீஷில்கூடக் கிடையாது. நெல் மூட்டைக்குக் கட்டை வண்டி, மிராசுதாருக்கும் புதுப்பெண்ணுக்கும் வில்வண்டி. குலுங்காமல் போவது அன்றைக்கு அந்தஸ்தின் அடையாளம். 1840-ல் சென்னையில் ஆரம்பித்த சிம்ப்சன் கம்பெனியும் முதலில் கோச்சு கட்டிய கம்பெனிதான். 1903-ல் அங்கேதான் நீராவி கார் ஒன்றைச் செய்தார்கள்.

கார் வந்தது, மாடு போனது. பட்டை மட்டும் போகவில்லை! அம்பாஸடர், பிரீமியர் பத்மினி இரண்டுக்கும் பின்னால் பட்டை ஸ்பிரிங்தான். காரணம் இருக்கிறது. ஒரு பட்டை உடைந்தால் மற்ற பட்டைகள் தாங்கும், வீடு வந்து சேரலாம். உடைந்ததை மட்டும் மாற்றலாம். பழைய பட்டையும் வீணில்லை. கொல்லர் வாங்கி, காய்ச்சி அடித்து அருவாள் ஆக்கிவிடுவார். என்ன, இரண்டு பின் சக்கரமும் ஒரே அச்சில் இருப்பதால், ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் இன்னொன்றும் சேர்ந்து ஆடும். பின் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கு மாற்றாக ஒன்றைக் கொடுத்துப் பார்த்தது நம்ம சென்னைதான். வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ், 1961-ல் இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டை இங்கே செய்ய ஆரம்பித்தது. இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி வடிவமைத்த கார். பானெட் முழுசாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். இன்ஜின் வேலைக்கு அவ்வளவு வசதி! பின் சக்கரங்கள் தனித்தனி, பறவை இறக்கை மாதிரி ஏறி இறங்கும். வெள்ளைக்காரன் ஊரில், வேகமாகத் திரும்பினால் சக்கரம் உள்ளே மடங்குகிறது என்று குறை சொன்னார்கள். நம்மூரில் அந்த வேகத்துக்கு ரோடு ஏது! இங்கே பிரச்னை வேறு. அஞ்சு பேர் கார் என்றால் எட்டுப் பேர் ஏறுவோம், மேலே மூட்டையும் போடுவோம். சுமை ஏறினால் பின் சக்கரங்களின் தலை உள்பக்கம் சாயும். டயரின் உள் ஓரம் தேயும்.

வாங்கியவர்களுக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அதே ஹெரால்டை வைத்து ‘கஸல்’ என்ற காரைக் கொண்டுவந்தபோது, கம்பெனி இறக்கைகளைக் கழற்றிவிட்டு, பழையபடி ஒரே அச்சை மாட்டிவிட்டது! உலகம் முன்னால் போகும்போது மெட்ராஸ் பின்னால் போயிருக்கிறதே என்று முன்பெல்லாம் எனக்குத் தோன்றும். இப்போது அப்படித் தோன்றவில்லை. மரத்தடி ஒர்க்‌ஷாப்காரர் கைகாட்டிய வழியில் ஒரு கார் கம்பெனி நடந்தது சின்ன விஷயமா?

இனி ஸ்ட்ரட்டின் கதை. அமெரிக்காவில் ஏர்ல் மெக்பர்ஸன் என்றொரு இன்ஜினீயர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, செவர்லேவுக்காக ‘கேடட்’ என்ற சின்ன காரைத் திட்டமிட்டார். விலை ஆயிரம் டாலருக்குள் இருக்க வேண்டும். ஸ்பிரிங், அதன் ஆட்டத்தை அடக்கும் குழாய், சக்கரத்தைப் பிடிக்கும் கால்... மூன்றையும் ஒன்றாக்கினார். நான்கு சக்கரத்துக்கும் அதையே வைத்தார். 1947-ல் திட்டத்தையே ஊற்றி மூடிவிட்டார்கள். மனுஷன் போர்டு கம்பெனிக்குத் தாவினார். 1950-ல் இங்கிலாந்தின் போர்டு கான்ஸல் முன் சக்கரங்களில் மெக்பர்ஸன் ஸ்ட்ரட் ஏறியது.

பின் சக்கரத்துக்கு? அதைப் பந்தயக் காரில் செய்து காட்டியவர் லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன். 1957-ல் லோட்டஸ் 12. பின்பக்க ஸ்ட்ரட்டை ‘சாப்மன் ஸ்ட்ரட்’ என்றே சொல்வார்கள். இந்த சாப்மன் 1948-ல் தன் முதல் காரைச் செய்தது எங்கே என்கிறீர்கள்? காதலியின் அப்பா வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜில், ஒரு பழைய ஆஸ்டின் செவனை வைத்து! ஆலங்குடி நண்பரிடம் இதைச் சொன்னதுதான் நான் செய்த தப்பு. ‘‘பாத்தீங்களா, வீட்ல செய்றதுதான் ஒசத்தி’’ என்று ஆரம்பித்துவிட்டார்.

இந்தியாவில் மெக்பர்ஸன் ஸ்ட்ரட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. அதுவும் முன் சக்கரத்தில்தான். நான்கு சக்கரத்திலும் ஸ்ட்ரட் உள்ள கார்கள் பிறகு மெள்ள வந்தன. சுகம் கூடியது. ஆனால், மெக்கானிக்கின் வேலை மாறிவிட்டது. சீல் வைத்த குழாயில் எண்ணெய் கசிந்தால் ரிப்பேர் கிடையாது. புதுசு வாங்கி மாட்ட வேண்டியதுதான். அதையும் ஜோடியாக! ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் வண்டி ஒருக்களித்து ஆடும். காமர்ஸ் படித்தவன் என்ற முறையில், நல்லா இருக்கிற ஒன்றைத் தூக்கிப் போடுவது எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

முற்றத்துக்கு வருவோம். மெக்கானிக் தம்பி வீட்டுக்குப் போய் கம்ப்ரஸரை எடுத்து வந்தார். நீள ஸ்க்ரூவில் கொக்கி மாட்டிய இரண்டு தண்டுகள், அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கத்தில் மாட்டி, இதில் நாலு சுற்று, அதில் நாலு சுற்று என்று நிதானமாக இறுக்கினார். யாரையும் நேரெதிரே நிற்க விடவில்லை. ஸ்பிரிங் தளர்ந்து கையில் ஆடிய பிறகுதான் நடு நட்டைத் தொட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் இரண்டு பக்கமும் முடிந்தது. காரின் பின் மூலையை அமுக்கி விட்டார். ஒரே தடவை எழுந்து அப்படியே நின்றது. காலையில் நாங்கள் அமுக்கியபோது ஊஞ்சல் மாதிரி ஆடிய வண்டி!

கழற்றிய பழைய ஸ்ட்ரட் இரண்டும் எண்ணெய் வழிய சுவரோரம் கிடந்தன. ‘‘இதுல ஏதாச்சும் ஆகுமா தம்பி?’’ என்றார் நண்பர்.

‘‘பட்டையா இருந்தா அருவாளாவது அடிக்கலாம்ணே. இதை எடைக்குத்தான் போடணும்.’’