விழுப்புரம், திண்டிவனம் ஹோம் ஸ்டூடியோக்களுக்கு 'கன்ட்ரோல் சர்ஃபேஸ்' தேவையா? வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை... முழு விவரம்!

பாட்டு பதிவு செய்யணும்னா சென்னைக்கு பஸ் ஏறணும் என்ற நிலை இன்று இல்லை. ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், ஒரு ஹெட்போன் இருந்தால் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ வீட்டின் ஓர் அறையே ஸ்டூடியோ ஆகிவிடும். பக்திப் பாடல், யூடியூப் பாடல், கல்யாண வீடியோ, குறும்படம், கூத்துப் பதிவு என எல்லா வேலையையும் அங்கேயே முடிக்கலாம்.

இந்த வேலையில் கொஞ்சம் பழகியதும் பலரும் அடுத்து வாங்க நினைப்பது, ஃபேடரும் குமிழும் பட்டனும் நிறைந்த 'கன்ட்ரோல் சர்ஃபேஸ்'. வீடியோக்களில் பார்க்க பெரிய ஸ்டூடியோ மிக்ஸர் போலவே இருக்கும். ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரியாமல் வாங்கினால் சேர்த்து வைத்த பணம் வீணாகும். அதன் முழு விவரத்தைப் பார்க்கலாம்.

கன்ட்ரோல் சர்ஃபேஸ் என்றால் என்ன?

க்யூபேஸ், லாஜிக் ப்ரோ, எஃப்எல் ஸ்டூடியோ, ஏபில்டன் லைவ், ரீப்பர் போன்ற இசை சாஃப்ட்வேர்களில் ஒவ்வொரு ட்ராக்குக்கும் திரையில் ஒரு ஃபேடர் இருக்கும். அதை மவுஸால் பிடித்து இழுக்க வேண்டும். மவுஸால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். பாடகரின் குரலை ஏற்றிக்கொண்டே தபேலாவை இறக்க வேண்டுமென்றால் இரண்டு முறை வேலை.

திரையில் இருக்கும் அந்த ஃபேடர்களையும் பட்டன்களையும் கையால் தொட்டு இயக்க உதவும் கருவிதான் கன்ட்ரோல் சர்ஃபேஸ். எட்டு ஃபேடர் இருந்தால் இரண்டு கைகளாலும் பல ட்ராக்குகளை ஒரே சமயத்தில் நகர்த்தலாம். முக்கியமாக, கண் திரையை விட்டு விலகும். காது முழு கவனத்தோடு கேட்கும்.

இதுக்குள்ள சத்தம் வருமா?

வராது. பலர் ஏமாறும் இடம் இதுதான். பெரும்பாலான கன்ட்ரோல் சர்ஃபேஸ்கள் வழியாக ஒலி போவதே இல்லை. மைக்கை நேரடியாகச் சொருக அதில் இடம் இருக்காது. டிவி ரிமோட் போல, "வால்யூமை ஏற்று", "பிளே செய்" என்ற கட்டளையை மட்டுமே அது அனுப்பும். ஒலி உள்ளே போவதும் வெளியே வருவதும் ஆடியோ இன்டர்ஃபேஸின் வேலை. எனவே இதை வாங்கினால் பாட்டின் தரம் தானாகக் கூடிவிடாது.

கட்டளை எப்படிப் போகிறது?

கருவியும் சாஃப்ட்வேரும் பேசிக்கொள்ளும் மொழியின் பெயர் 'மிடி'. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககெஹாஷி ஆகியோரின் முயற்சியில் 1983-ல் இது நடைமுறைக்கு வந்தது. இருவருக்கும் 2013-ல் தொழில்நுட்ப கிராமி விருது வழங்கப்பட்டது.

தமிழ் சினிமாவுக்கு இது சீக்கிரமே வந்து சேர்ந்தது. கே.பாலசந்தர் இயக்கத்தில் 1986-ல் வெளியான 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா அமைத்த இசை, இந்தியாவில் கம்ப்யூட்டரையும் மிடியையும் பயன்படுத்திய முன்னோடி முயற்சியாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

மிடியில் ஒரு குமிழைத் திருப்பினால் மூன்று விவரங்கள் போகும்: எந்தச் சேனல், எந்தக் கட்டுப்பாடு, எவ்வளவு அளவு. சேனல்கள் மொத்தம் 16. கட்டுப்பாட்டு எண்களில் 7 என்றால் வால்யூம், 10 என்றால் இடது-வலது, 64 என்றால் சஸ்டெய்ன் பெடல். அளவு 0-ல் தொடங்கி 127 வரை, அதாவது 128 படிகள்.

ரொம்ப மெதுவாக ஒலியை இறக்கும்போது இந்த 128 படிகள் போதாமல், படிக்கட்டில் இறங்குவது போலத் தோன்றலாம். 2020 ஜனவரியில் அறிமுகமான மிடி 2.0 இந்தப் படிகளைப் பல மடங்கு கூட்டியிருக்கிறது. ஆனால் கருவி, சாஃப்ட்வேர், ஆபரேட்டிங் சிஸ்டம் மூன்றும் அதை ஆதரித்தால்தான் பலன்.

ஒருவழியா, இருவழியா?

விலையைத் தீர்மானிக்கும் முக்கிய வித்தியாசம் இது.

சாதாரண கருவி கட்டளையை அனுப்பும், ஆனால் சாஃப்ட்வேரில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. திரையில் ஃபேடர் மேலே இருக்கும், கையில் உள்ள ஃபேடர் கீழே இருக்கும். தொட்டவுடன் வால்யூம் சட்டென்று கீழே விழும். இதைத் தவிர்க்க பல சாஃப்ட்வேர்களில் 'பிக்கப்' என்ற அமைப்பு உண்டு. திரையில் உள்ள அளவைக் கை ஃபேடர் கடக்கும் வரை எந்த மாற்றமும் நடக்காது.

மோட்டார் ஃபேடர் உள்ள கருவி இருவழியில் பேசும். சாஃப்ட்வேரில் ஃபேடர் நகர்ந்தால் மேஜையில் இருக்கும் ஃபேடரும் தானாக நகரும். எட்டு ஃபேடரை வைத்து 40 ட்ராக் கொண்ட பாட்டையும் கையாளலாம். 'பேங்க்' பட்டனை அழுத்தினால் அடுத்த எட்டு ட்ராக்குகள் வரும், ஃபேடர்களும் அதற்கேற்ற இடத்துக்குத் தாவும்.

இதற்கு அதிகம் பயன்படும் முறை 'மேக்கி கன்ட்ரோல்'. பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் இதைப் புரிந்துகொள்ளும். ப்ரோ டூல்ஸ் மட்டும் அதற்கு முந்தைய 'ஹுயி' முறையைக் கேட்கும். இரண்டையும் மாற்றிக்கொள்ளும் வசதி பல கருவிகளில் உண்டு.

என்னென்ன வகைகள் உள்ளன?

* மோட்டார் இல்லாத சிறிய ஃபேடர் கருவி: கோர்க் நானோகன்ட்ரோல் போன்றவை. விலை குறைவு, யுஎஸ்பி மின்சாரமே போதும்.
* ஒற்றை மோட்டார் ஃபேடர்: ப்ரீசோனஸ் ஃபேடர்போர்ட் போன்றவை. தேர்வு செய்த ட்ராக்கை மட்டும் இயக்கும். குரலை மெருகேற்றுபவர்களுக்கு ஏற்றது.
* முழு அளவு: பெரிங்கர் எக்ஸ்-டச் போன்றவை. எட்டு ட்ராக்குக்கும் மாஸ்டருக்குமாக ஒன்பது மோட்டார் ஃபேடர்கள்.
* கீபோர்டு, பேட் வகை: அகாய் எம்பிகே மினி, நோவேஷன் லான்ச்பேட் போன்றவை. மிக்ஸிங்கைவிட ட்யூன் போடவும் ரிதம் அமைக்கவும் உதவும்.

மோட்டார் உள்ள கருவிகளில் பல, தனி பவர் அடாப்டர் கேட்கும். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஆனால் அந்தக் கருவி நின்றுவிடும். யுபிஎஸ் இல்லாத அறையில் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சாஃப்ட்வேரில் இணைப்பது எப்படி?

1. கருவியை யுஎஸ்பி ஹப் இல்லாமல் நேரடியாக லேப்டாப்பில் இணைக்கவும்.
2. கருவியில் 'மேக்கி கன்ட்ரோல்' முறையைத் தேர்வு செய்யவும்.
3. அதன் பிறகு சாஃப்ட்வேரைத் திறக்கவும்.
4. செட்டிங்ஸில் கன்ட்ரோல் சர்ஃபேஸ் பகுதிக்குப் போய், 'மேக்கி கன்ட்ரோல்' என்பதைச் சேர்க்கவும்.
5. இன்புட், அவுட்புட் இரண்டிலும் உங்கள் கருவியின் பெயரைத் தேர்வு செய்யவும்.

சாதாரண குமிழ் கருவி என்றால் இன்னும் எளிது. பல சாஃப்ட்வேர்களில் 'மிடி லேர்ன்' வசதி உண்டு. திரையில் எதை இயக்க வேண்டுமோ அதைத் தேர்வு செய்து, கையில் உள்ள குமிழைத் திருப்பினால் இரண்டும் இணைந்துவிடும்.

அடிக்கடி வரும் பிரச்னைகளும் தீர்வும்

* ஃபேடரை நகர்த்தினால் வேலை செய்கிறது, ஆனால் லைட்டும் எரியலை, மோட்டாரும் நகரலை: சாஃப்ட்வேரில் அவுட்புட் போர்ட் தேர்வு செய்யப்படவில்லை. சாஃப்ட்வேர் சொல்வது கருவிக்குப் போய்ச் சேரவில்லை.
* ஃபேடரைத் தொட்டால் கீபோர்டு ட்ராக்கின் சுருதி ஏறி இறங்குகிறது: மேக்கி முறையில் ஃபேடர்கள் 'பிட்ச் பெண்ட்' செய்தியாகவே தகவல் அனுப்பும். அந்த ட்ராக் எல்லா மிடி கருவிகளையும் கேட்கும்படி இருந்தால் இப்படி ஆகும். ட்ராக்கின் இன்புட்டில் இசை கீபோர்டை மட்டும் வைக்கவும்.
* கருவியே தெரியவில்லை: கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்களில் சார்ஜ் ஏறும், டேட்டா போகாது.
* நேற்று வேலை செய்தது, இன்று இல்லை: பல விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் ஒரு மிடி கருவியை ஒரு நேரத்தில் ஒரு சாஃப்ட்வேர்தான் பயன்படுத்த முடியும். மற்றதை மூடிவிட்டுத் திறக்கவும்.

கூத்துப் பதிவு: ஃபேடர் காப்பாற்றாத இடம்

விழுப்புரம் மாவட்டம் தெருக்கூத்துக்குப் பெயர் பெற்ற பகுதி. செஞ்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் விழாக்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். அடித்தொண்டையில் பாடும் குரல், ஹார்மோனியம், மத்தளம், முகவீணை, தாளம் என ஒலியின் அளவு நொடிக்கு நொடி மாறும். இரண்டாவது டேக் என்பதே கிடையாது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான அமைப்பில், பதிவு நடக்கும்போது சாஃப்ட்வேரின் ஃபேடரை இறக்கினால் உங்களுக்குக் கேட்கும் சத்தம்தான் குறையும். பதிவாகும் சத்தம் குறையாது. அதைத் தீர்மானிப்பது ஆடியோ இன்டர்ஃபேஸில் உள்ள 'கெயின்' குமிழ். அங்கே சிவப்பு லைட் எரிந்து ஒலி உடைந்துவிட்டால், எத்தனை விலையுள்ள கன்ட்ரோல் சர்ஃபேஸ் வைத்தும் முழுசாக மீட்க முடியாது. எனவே உச்சக் குரலில் ஒருமுறை பாடச் சொல்லி, அதற்கும் கொஞ்சம் இடம் விட்டு கெயினை வைப்பதே பாதுகாப்பு.

கன்ட்ரோல் சர்ஃபேஸின் உண்மையான பலன் பதிவு முடிந்த பிறகுதான். கட்டியங்காரனின் பேச்சு வரும் இடத்தில் மத்தளத்தை லேசாக இறக்கி, பாட்டு தொடங்கும்போது ஏற்றி, ஓடவிட்டபடியே கையால் சரிசெய்யலாம். இந்த அசைவுகளை சாஃப்ட்வேர் நினைவில் வைத்துக்கொள்வதற்குப் பெயர் 'ஆட்டோமேஷன்'. இதில் 'டச்' முறையில் விரலை எடுத்ததும் ஃபேடர் பழைய அளவுக்குத் திரும்பும். 'லாட்ச்' முறையில் பாட்டை நிறுத்தும் வரை கடைசி அளவிலேயே நிற்கும். முதலில் 'டச்' முறையில் பழகுவது நல்லது, தவறு நடந்தாலும் அந்த இடத்தோடு முடிந்துவிடும்.

கமகத்துக்கு ஈடு கொடுக்குமா?

சாதாரண மிடி கீபோர்டு பன்னிரண்டு ஸ்வரக் கட்டைகளை அடிப்படையாகக் கொண்டது. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும் நம் கமகங்களுக்குப் பக்கத்தில் உள்ள பிட்ச் பெண்ட் சக்கரத்தைத்தான் நம்ப வேண்டும். பல கருவிகளில் அது முதலில் மேலும் கீழும் இரண்டு அரைஸ்வரம் வரைதான் நகரும். சின்த்தின் செட்டிங்ஸில் இதை மாற்றலாம்.

விரலை வழுக்கி வாசிக்கும் கருவிகளும் வந்துவிட்டன. ஏ.ஆர்.ரஹ்மான் தன் இசையில் பயன்படுத்திய 'கன்டினியம் ஃபிங்கர்போர்டு' அப்படிப்பட்டது. 2009-ல் வெளியான 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலில் அதைக் கேட்கலாம். இதுபோன்ற கருவிகளில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக வளைவு கொடுக்க 2018-ல் 'எம்பிஇ' என்ற மிடி விதிமுறை வந்தது. கர்நாடக சங்கீதம் சார்ந்து வேலை செய்பவர்கள் கருவியிலும் சாஃப்ட்வேரிலும் இந்த வசதி உள்ளதா என்று பார்ப்பது அவசியம்.

செலவே இல்லாமல் முயற்சி செய்ய முடியுமா?

முடியும். கையில் இருக்கும் போனே போதும். ரீப்பர் சாஃப்ட்வேரில் வெப் பிரவுசர் வழியாகக் கட்டுப்படுத்தும் வசதி உள்ளேயே இருக்கிறது. அதை ஆன் செய்து, லேப்டாப்பும் போனும் ஒரே வைஃபையில் இருக்கும்போது, அது காட்டும் முகவரியை போன் பிரவுசரில் திறந்தால் பிளே, ரெக்கார்டு, வால்யூம் எல்லாம் போனில் வரும். லாஜிக் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு ஐபேட், ஐபோனில் 'லாஜிக் ரிமோட்' ஆப் இலவசம்.

லேப்டாப் ஃபேன் சத்தம் கேட்காமல் இருக்க, மைக்கை அடுத்த அறையில் வைத்துப் பாடுபவர்களுக்கு இது பெரிய உதவி. தனியாளாகவே ரெக்கார்டை ஆன் செய்து பாடலாம். ஆனால் கண்ணாடித் திரையில் விரலுக்கு ஃபேடரின் பிடிமானம் கிடைக்காது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. உங்கள் வேலையில் அதிகம் மிக்ஸிங்கா, ட்யூன் போடுவதா? மிக்ஸிங் என்றால் ஃபேடர், ட்யூன் என்றால் கீபோர்டு.
2. நல்ல மைக், ஹெட்போன், அறையின் எதிரொலியைக் குறைக்கும் ஏற்பாடு எல்லாம் முடிந்ததா? கேட்பவருக்குத் தெரியும் வித்தியாசம் அவற்றில்தான்.
3. உங்கள் சாஃப்ட்வேரின் இப்போதைய பதிப்போடு அந்தக் கருவி வேலை செய்யுமா? நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்க்கவும்.
4. பழுதானால் எங்கே அனுப்ப வேண்டும்? வாரண்டி பில் உள்ளதா?
5. செகண்ட் ஹேண்ட் என்றால், ஒவ்வொரு மோட்டார் ஃபேடரையும் இணைத்து ஓட்டிப் பார்த்தீர்களா? தூசி படிந்த ஃபேடர் நடுவில் சிக்கும், அளவு தாவும்.

முதலில் போனை வைத்து ஒரு மாதம் வேலை செய்து பாருங்கள். அதில் அடிக்கடி தொடுவது ஒரே ஒரு ஃபேடர் என்றால் ஒற்றை ஃபேடர் கருவியே போதும். எட்டையும் மாற்றி மாற்றித் தொடுகிறீர்கள் என்றால் பெரியதற்குச் செலவு செய்யலாம். பிளே, ஸ்டாப் மட்டும்தான் என்றால் அந்தப் பணத்தை நல்ல மைக்குக்கு வைத்துக்கொள்வதே லாபம்.