முடிவெடுக்க முடியாத குழு: கிரிவலப் பாதை ஊர்களில் உயர்நிலைப் பள்ளி மேலாண்மை

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிய பேச்சு தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஒரே புகாரில் போய் நிற்கிறது: பெற்றோருக்கு விழிப்புணர்வு போதாது, பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும். இந்த விளக்கம் அதிகாரிகளுக்கு வசதியானது. ஆனால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. குழு எடுக்கும் முடிவு யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. பள்ளிக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளக்கூடிய காரியங்களும் மனுவாகி மேலே போகின்றன. திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையின் மேற்கில், வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் இடையே அமைந்த அடி அண்ணாமலையை முன்வைத்து இதைப் பார்க்கலாம்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) தன் 21ஆம் பிரிவில் இக்குழுவை உருவாக்கியது. உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளியின் நடப்பைக் கண்காணிப்பது, மானியச் செலவைப் பார்ப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரித்துப் பரிந்துரைப்பது ஆகியவை அதன் பணிகள். பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். மேலும் சட்டத்தின் வரம்பு 6 முதல் 14 வயது வரை. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகள் அதற்கு வெளியே நிற்கின்றன. தமிழ்நாடு அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும் இதே குழுவை அமைத்தது நல்ல முடிவு. 2022இல் 20 பேர், தலைமைப் பொறுப்பில் மாணவர் ஒருவரின் தாய், மாதத்தின் முதல் வெள்ளியன்று கூட்டம் என்று ஒழுங்கு வந்தது. 2024 ஆகஸ்ட் மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களும் சேர, எண்ணிக்கை 24 ஆனது.

ஊரார் பள்ளியைத் தம்முடையதாக எண்ணுவது இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறையை நடத்திய காலத்தில், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. நிலமும் கட்டடமும் மேசை நாற்காலியும் மக்கள் கொடுத்தார்கள். பிற்காலப் பெற்றோர் ஆசிரியர் கழகங்களிலும் அதே மரபுதான்: காசு கொடுக்கும் பொறுப்பு ஊருக்கு, அதை எதற்குச் செலவிடுவது என்ற முடிவு பெரும்பாலும் வேறொருவருக்கு. இன்று 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் நன்கொடையாளரைத் தேடுகிறது. ஆசிரமங்களும் வெளிநாட்டு அன்பர்களும் நிறைந்த இந்த மலைச்சுற்றில் கொடுக்கும் கைக்குப் பஞ்சமில்லை. அறிவியல் ஆய்வுக்கூடம் கேட்கும் பள்ளிக்கு வர்ணப் பூச்சு வந்தால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை குழுவுக்கு உண்டா? இருப்பதாக எந்தத் தலைமையாசிரியரும் நினைக்கமாட்டார்.

இவ்வூருக்கே உரிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். கார்த்திகைத் தீபம் நவம்பர் பின்பாதியிலோ டிசம்பரிலோ வரும். 2024இல் டிசம்பர் 13. அரையாண்டுத் தேர்வின் மாதமும் அதுதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் திருப்புதல் முக்கியமான வேளையில் பாதையெங்கும் லட்சக்கணக்கானோர் நடப்பார்கள், பேருந்துகள் தடம் மாறும், வழியோரக் குடும்பங்களுக்கு அதுவே ஆண்டின் பெரிய வியாபாரம். உள்ளூர் விடுமுறையையும், அதற்கு ஈடாகப் பள்ளி நடக்க வேண்டிய சனிக்கிழமையையும் ஆட்சியர் மாவட்டம் முழுமைக்கும் சேர்த்தே அறிவிக்கிறார். விடுமுறையை அவர் முடிவு செய்யட்டும்; கூட்டத்தையும் காவலையும் கணக்கிட அவரால்தான் முடியும். ஈடுசெய் நாளை மட்டும் மலைச்சுற்றுப் பள்ளிகளின் குழுக்களுக்கு விட்டால் என்ன குடி மூழ்கிவிடும்? ஆரணிக்குப் பொருந்தும் சனிக்கிழமை அடி அண்ணாமலைக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பௌர்ணமியை ஒட்டி வரும் வாரத்தேர்வு, மாலைச் சிறப்பு வகுப்பு, ஆண்டு விழா நாள் ஆகியவையும் இந்த வகையே. இவற்றை உள்ளூரில் முடிவு செய்ய நிதியும் வேண்டாம், அரசாணைத் திருத்தமும் பெரிதாக வேண்டாம்.

முடிவு மேலிருந்தே வருகிறது என்பதற்குக் குழுக் கூட்டத்தின் நேரமே சான்று. வெள்ளி பிற்பகல் மூன்று மணி என்பது அலுவலகத்துக்கு ஒத்த நேரம். நூறு நாள் வேலைக்கோ, கட்டட வேலைக்கோ போகும் தாய்க்கு அது கூலியை வெட்டும் நேரம். அவர் வராவிட்டால் பதிவேட்டில் ஆர்வமின்மை என்று ஏறும்.

குழுவில் உள்ளாட்சிக்குரிய இடமும் ஆட்டம் கண்டிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. பின்னர் தனி அலுவலர்கள் வந்தார்கள். இதற்கு முன்பே, 2024 ஆகஸ்டில், திருவண்ணாமலை மாநகராட்சியாகி, சுற்றுப்புற ஊராட்சிகளை உள்ளே இழுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. பள்ளிக் கூட்டத்தில் உட்கார்ந்து, குடிநீர்க் குழாய்க்கு ஊராட்சியில் வழி செய்யக்கூடிய ஊராட்சி உறுப்பினர் இல்லாதபோது, குழுவின் கோரிக்கை கைபேசிச் செயலியில் ஏற்றிய ஒரு வரியாகச் சுருங்குகிறது. பணமும் இப்படித்தான். ஒன்றிய அரசு 2024-25இல் தமிழ்நாட்டுக்குரிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. அந்த நிதியிலிருந்து, 251 முதல் 1,000 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 75,000 ரூபாய் மானியம் என்ற கணக்கை நம்பித் திட்டம் போடும் குழு என்ன செய்யும்?

அதிகாரம் கொடுத்தால் சாதியும் கட்சியும் புகுந்துவிடும் என்பது ஆசிரியர்களின் அச்சம். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2022இல் 13,331 தற்காலிக ஆசிரியர் இடங்களை மேலாண்மைக் குழு வழியே நிரப்ப அரசு முனைந்தபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. பிறகு நெறிமுறைகள் திருத்தப்பட்டு, தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்கும் முன்னுரிமை வந்தது. இதை வைத்து, 'பார்த்தீர்களா, குழுவுக்கு வேலை கொடுக்கக் கூடாது' என்று பேசினார்கள். நான் வேறு விதமாக வாசிக்கிறேன்: தகுதி, அறிவிப்பு, தேர்வுமுறை எதையும் தெளிவாக வகுக்காமல் குழுவின் தலையில் மிகக் கடினமான வேலையை முதலில் வைத்தார்கள். நாள் குறிக்கும் உரிமைகூட இல்லாத குழுவிடம் ஆள் எடுக்கும் உரிமையைத் தருவது தலைகீழ்ப் பாடம்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது குழுவில் மாணவர் இல்லாமை. தொடக்கப் பள்ளியில் பெற்றோர் பிள்ளைக்காகப் பேசலாம். பதினைந்து வயதுப் பெண், கழிப்பறைத் தாழ்ப்பாளையோ பேருந்தில் வரும் தொல்லையையோ தானேதான் சொல்ல வேண்டும். அதற்கு 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. சீட்டு எழுதிப் போடலாம். அதை என்ன செய்தார்கள் என்று எழுந்து கேட்க இடமில்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1988 சட்டப்படி அமைந்த பள்ளி மன்றங்கள் முதல்வரைத் தேர்ந்தெடுக்கின்றன, செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருகின்றன. உயர்நிலைப் பள்ளியானால் மாணவர் பிரதிநிதியும் உட்காருகிறார். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நமது ஒன்றிய அரசு 2010இல் வெளியிட்ட மாதிரி விதிகளிலேயே, பெற்றோரல்லாத உறுப்பினரில் மூன்றிலொரு பங்கை உள்ளூர்க் கல்வியாளரிடமிருந்தோ பள்ளிப் பிள்ளைகளிடமிருந்தோ எடுக்கலாம். யார் என்பதைக் குழுவிலுள்ள பெற்றோர் முடிவு செய்வார்கள் என்று இருக்கிறது. 2024இல் அமைந்த குழுக்களின் இரண்டாண்டுக் காலம் 2026இல் முடிகிறது. முன்னாள் மாணவருக்கு இடம் தந்த அரசாணை, ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒருவரையும் பத்தாம் வகுப்பிலிருந்து ஒருவரையும் சேர்த்துக்கொள்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.