மைதானம் யாருக்கு?



பி.டி. பீரியடு என்றால் நம்மில் பாதிப் பேருக்குக் கொண்டாட்டம். மீதிப் பேருக்குத் திண்டாட்டம். "சார், வயித்து வலி" என்று மரத்தடியில் ஒதுங்கியவர்களை நாம் எல்லோரும் அறிவோம். சோம்பேறிப் பசங்க என்று முத்திரை குத்துவது சுலபம். ஆனால் கூடைப்பந்து பிறந்த வரலாறு வேறு பாடம் சொல்கிறது.

1891 டிசம்பர். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. குளிர்காலம், வெளியே ஆட வழியில்லை. உள்ளே தினமும் அதே டிரில், அதே உடற்பயிற்சி. 18 இளைஞர்கள் கொண்ட ஒரு வகுப்பு முரண்டு பிடித்தது. ஏற்கெனவே இரண்டு ஆசிரியர்கள் நம்மால் ஆகாது என்று ஒதுங்கிவிட்டார்கள். அடுத்து வந்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். துறைத்தலைவர் லூதர் குலிக் அவருக்குக் கொடுத்த கெடு 14 நாள்.

நெய்ஸ்மித் மாணவர்களை மாற்றப் பார்க்கவில்லை, ஆட்டத்தை மாற்றினார். பந்தோடு ஓடக்கூடாது, இடித்துத் தள்ளக்கூடாது. இலக்கு 10 அடி உயரத்தில் இருந்ததால் முரட்டு பலம் எடுபடாது, குறிதான் முக்கியம். இரண்டு பீச் பழக்கூடைகள், 13 விதிகள், பக்கத்துக்கு 9 பேர். அடங்காத அந்த வகுப்பே ஆட்டத்தில் மூழ்கியது! அடுத்த ஆண்டே செண்டா பெரன்சன் விதிகளைச் சற்று மாற்றி ஸ்மித் கல்லூரிப் பெண்களையும் ஆட வைத்தார்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவியவர். நம் ஊர்ப் பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற பி.டி. மாஸ்டர்கள் கிடைக்க வழி செய்த கல்லூரி அது.

இன்றைய நிலை என்ன? 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம் பேர் தினம் ஒரு மணி நேரம்கூட உடல் உழைப்போ விளையாட்டோ இல்லாமல் இருந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டுக் கணக்கு. ஆண்களில் 78, பெண்களில் 85 சதவீதம்.

காரணம் ரொம்ப தூரத்தில் இல்லை. "என்னால் முடியும், நானே விரும்பி ஆடுகிறேன், என்னையும் சேர்த்துக்கொள்கிறார்கள்" என்ற மூன்று எண்ணமும் இருந்தால் பிள்ளைகள் தாமாக ஓடி வருவார்கள் என்பது உளவியலார் கருத்து. டீம் பிரிக்கும்போது கடைசி ஆளாக நிற்கும் பையனுக்கு இந்த மூன்றில் ஒன்றாவது கிடைக்கிறதா? தண்டனையாகக் கிரவுண்டைச் சுற்றி ஓடியவனுக்கு ஓட்டத்தின் மேல் ஆசை வருமா?

ஜெயித்தவர்களுக்கு நாம் கோப்பை தருவது நல்ல காரியம்தான். எந்த டீமிலும் இடம் கிடைக்காதவர்கள் கையில் ஒரு பந்தையும் கொடுப்போம். மரத்தடி தானாகக் காலியாகும்.