வளைந்து போகும் பந்தும் ஒரு பேராசிரியரின் வருத்தமும்

மொட்டை மாடியில டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடினவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். விரலால் நன்றாகச் சுழற்றி விட்ட பந்து, தரையில் படுவதற்கு முன்பே காற்றில் கொஞ்சம் விலகும். தரையில பட்டுத் திரும்புறது சரி, காற்றுல ஏன் திரும்பணும்? நாம் இதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்ட சிலரின் கதை இது.

முதல் ஆள் நியூட்டன். 1672ல், தன் 29ஆம் வயதில், ஒளியையும் நிறங்களையும் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். முப்பட்டகத்தைத் தாண்டிய ஒளி வளைந்து போகிறதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். காரணம், சாய்ந்த மட்டையால் அடித்த டென்னிஸ் பந்து வளைந்து போவதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். பந்து முன்னே போய்க்கொண்டே சுழலவும் செய்கிறது. இரண்டு அசைவும் சேர்கிற பக்கத்தில் காற்றை அதிகமாக அழுத்துகிறது, காற்றும் திருப்பி அழுத்துகிறது. இதுதான் அவர் தந்த விளக்கம். சோதித்துப் பார்த்தால் ஒளி நேராகத்தான் போனது. ஆனால் பந்தைப் பற்றிய கவனிப்பு வீணாகவில்லை.

1742ல் பெஞ்சமின் ராபின்ஸ் இதையே துப்பாக்கிக் குண்டில் பார்த்தார். குழாயின் முனையை இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். குண்டு இடப்பக்கம் கிளம்பி, போகப்போக வலப்பக்கம் திரும்பியது! சுழற்சிதான் காரணம் என்றார். அவர் நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்த கணித மேதை ஆய்லர் அதை ஏற்கவில்லை. கடைசியில் 1852ல் ஆராய்ந்த மாக்னஸின் பெயர்தான் இந்த விளைவுக்கு நிலைத்தது.

என்னை அதிகம் தொட்டவர் எடின்பரோ பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட். கோல்ஃப் என்றால் உயிர். அவருக்கு ஒரு கணக்கு உதைத்தது. புவியீர்ப்பு, காற்றின் தடை இரண்டை மட்டும் வைத்துப் போட்டால், பந்து அவ்வளவு நேரம் காற்றில் இருக்கக் கூடாது. ஆனால் இருக்குதே?

ஒரு நாடாவின் ஒரு முனையைப் பந்தில் கட்டி, மறுமுனையைத் தரையில் பொருத்தி அடிக்கச் செய்தார். நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணினார். பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டு போகிறது! அந்தச் சுழற்சி காற்றைக் கீழே தள்ள, காற்று பந்தை மேலே தூக்குகிறது. 1890களில் இதையெல்லாம் எழுதினார். சுழற்சி எதுவானாலும் கெடுதல் என்றுதான் இளமையில் அவருக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். உண்மை தெரிந்தபோது அவருக்கு வயது அறுபதை நெருங்கிவிட்டது. ஆட்டத்தில் அதைப் பயன்படுத்தக் காலம் கடந்துவிட்டதே என்று வருந்தினார்.

ஆடுவதற்கு மகன் இருந்தார். ஃப்ரெடி டெய்ட், 1896லும் 1898லும் பிரிட்டிஷ் அமெச்சூர் கோல்ஃப் பட்டம் வென்றவர். ராணுவ அதிகாரியான அவர் 1900 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவில் போயர் போரில் கொல்லப்பட்டார். அப்பா அதிலிருந்து மீளவில்லை. 1901 ஜூலையில் அவரும் போய்விட்டார்.

அடுத்த தடவை மாடியில பந்து காற்றிலேயே விலகினால், அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நொடி அது எந்தப் பக்கம் சுழலுதுன்னு பாருங்க. அவுட் ஆனாலும் பரவாயில்லை.