பிரசாவுரிமையும் மனித உரிமையும்

உரிமை என்பது அரசு மனமிரங்கி அளிக்கும் கொடையா? அன்றி, மனிதராய்ப் பிறந்தமையாலே நமக்கு வரும் உடைமையா? இதற்கு விடை தேட நாம் தூரதேசம் செல்லவேண்டியதில்லை. நம் நாட்டு வரலாறே போதும்.

1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி, பாரிஸ் நகரிலே கூடிய ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அகில உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஒரு நாட்டின் பிரசையாயிருக்கும் உரிமை எவருக்கும் உண்டென்றும், அதனை நியாயமின்றிப் பறித்தலாகாதென்றும் அதன் 15ஆம் உறுப்புரை கூறுகின்றது.

அதற்கு 25 நாட்களின் முன்னரே, நவம்பர் 15ஆம் திகதி, இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்திருந்தது. இங்கு பிறந்தவராயினும், தந்தையாவது, அன்றேல் பாட்டனும் பூட்டனுமாவது இங்கு பிறந்தவரென நிரூபிக்கவேண்டும் என்றது அச்சட்டம். லயன் காம்பிராவிலே பிறந்து, தேயிலையோடு வளர்ந்தவர் பூட்டனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கு எங்கே போவார்? ஏறக்குறைய 7 இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1949இல் அவர்தம் வாக்குரிமையும் போயிற்று. இவ்வநீதியை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்த திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் முதலியோர் அவ்வாண்டிலே தமிழரசுக் கட்சியை நிறுவினர்.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை இரு அரசுகளும் 1974இல் சரிபாதியாய்ப் பகிர்ந்துகொண்டன. பண்டங்களைப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்த கணக்கு இது! அதன் பின்னரும் நாடற்றிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. பிரகடனம் பிறந்து அப்போது 55 ஆண்டுகள்.

“அப்படியாயின் பிரகடனத்தால் ஆய பயன் யாது?” என்று சிலர் வினவலாம். பிரகடனம் தானே நீதி வழங்காது, மெய்தான். ஆயினும், சட்டமாகியதெல்லாம் நியாயமாகிவிடாது என்று நிறுத்துக் காட்ட அது ஒரு துலாக்கோலை உலகுக்குத் தந்தது. அதன் வழிவந்த 1966ஆம் ஆண்டின் குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் இலங்கையும் 1980இல் சேர்ந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாட்டின் பிரசையாகும் உரிமை உண்டென்பது அதன் 24ஆம் உறுப்புரை.

இத்துலாக்கோலுக்கு இன்றும் வேலை இருக்கின்றது. மியன்மாரின் 1982ஆம் ஆண்டுச் சட்டம் ரோகிங்கியா மக்களை நாடற்றவராக்கியது. 2017இல் அவர்களில் இலட்சக்கணக்கானோர் உயிர் தப்பிப் பங்களாதேஷுக்கு ஓடினர்.

இவ்வரலாற்றை அறிந்த பெரியோர் அதனை இளையோர்க்கு எடுத்துரைத்தல் கடன். இளைஞராகிய நாமோ, நம் உரிமை பறிபோகும்போது மாத்திரமன்றி, அயலவர் உரிமை பறிபோகும்போதும் வாய் திறத்தல் வேண்டும். 1948இல் நம் அயலவர்க்காகப் பேசியோர் சிலரே. இனி அவ்வாறு நிகழாதிருக்கட்டும்.