நான்காண்டுப் பட்டமும் மூன்றாண்டுப் பட்டமும்: குழந்தைச் செவிலியர் உருவாகும் இரண்டு வழிகள்

குடவாசலில் பிளஸ் டூ அறிவியல் பிரிவு முடித்த ஒரு பெண், "நான் குழந்தைகளுக்கான நர்ஸ் ஆகணும்" என்று சொன்னால் அவளுக்கென்று தனியாக ஒரு முதல் பட்டம் இங்கே கிடையாது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் அவள் சேரக்கூடியது நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங். பிரசவம், அறுவை சிகிச்சை வார்டு, மனநலம், கிராம சுகாதாரம் எல்லாம் அதில் உண்டு. குழந்தை நலமும் ஒரு பாடம். பிரிட்டனில் அதே வயதுப் பெண் விண்ணப்பப் படிவத்திலேயே குழந்தைகள் நர்சிங் என்று குறித்துவிடுவாள். மூன்றாண்டில் அதற்கென்றே பட்டம், பதிவேட்டிலும் அதற்கென்றே தனி இடம்.

நோயுற்ற பிள்ளைக்கு எந்தப் படிப்பு நல்லது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடவாசல் அரசு மருத்துவமனைக்கு நம் படிப்பே பொருத்தம். தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு அது போதாது. இந்த இரண்டுக்கும் நடுவே நாம் போடாமல் விட்ட பாலம்தான் என் கவலை.

மணிக்கணக்கைப் பார்த்தாலே வித்தியாசம் விளங்கும். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த செமஸ்டர் பாடத்திட்டப்படி, ஐந்தாம் செமஸ்டரில் குழந்தைகள் வார்டில் 160 மணி நேரம், ஆறாம் செமஸ்டரில் 80 மணி நேரம் கிளினிக்கல் பயிற்சி. கடைசி செமஸ்டரின் 22 வாரப் பயிற்சிப் பணியில் குழந்தை நலத்துக்கு 4 வாரம். பிரிட்டனிலோ பட்டத்துக்கு மொத்தம் 4,600 மணி நேரம் என்பது விதி. அதில் பாதி நடைமுறைப் பயிற்சி; குழந்தைகள் பிரிவு எடுத்தவருக்கு அதில் பெரும்பகுதி குழந்தைகளோடுதான். வார்டு, பச்சிளங்குழந்தைப் பிரிவு, வீடு தேடிப் போகும் செவிலியர் சேவை என்று மூன்றாண்டும் அதே வயதினரைப் பார்த்துக் கண்ணும் கையும் பழகிவிடுகின்றன.

அந்தப் பழக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பாராசிட்டமால் ஒன்றே போதும். பெரியவருக்கு ஒரு மாத்திரை என்றால் முடிந்தது. பிள்ளைக்கு எடை பார்க்க வேண்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்குப் போட வேண்டும். பத்துக் கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். ஐந்து மில்லியில் 125 உள்ள சிரப் என்றால் ஆறு மில்லி; 250 உள்ளதென்றால் மூன்று மில்லி; ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லிதான். பாட்டில் மாறியது தெரியாமல் அம்மா அதே ஆறு மில்லியைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். மூச்சு எண்ணுவதும் இப்படித்தான். இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவைத் தொட்டாலே வேகமான மூச்சு. அழாத நேரம் பார்த்து, சட்டையை விலக்கி, முழு நிமிடமும் எண்ண வேண்டும். மூச்சு எண்ணுவது இரண்டு நாட்டுப் பாடத்திலும் இருக்கிறது. நூறு பிள்ளைகளுக்கு எண்ணியவருக்கும் பத்துப் பிள்ளைகளுக்கு எண்ணியவருக்கும் உள்ள தூரத்தைப் பாடப்புத்தகம் குறைக்காது.

பிரிட்டன் இந்த வழிக்கு ஒரே நாளில் வரவில்லை. லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனை 1852-இல் பத்துப் படுக்கைகளோடு தொடங்கியது. செவிலியர் பதிவுச் சட்டம் வந்த 1919-இலேயே நோயுற்ற குழந்தைகளுக்கான செவிலியருக்குப் பதிவேட்டில் தனிப் பகுதி ஒதுக்கினார்கள். அங்கேயும் சந்தேகம் எழாமல் இல்லை. வில்லிஸ் பிரபு தலைமையிலான குழு 2015-இல், முதல் இரண்டாண்டு எல்லோருக்கும் பொது, அதற்குப் பிறகு சிறப்புப் பிரிவு என்று யோசனை சொன்னது. நம் பக்கம் பாதி நகர்ந்த யோசனை அது. ஆனாலும் தனிப் பிரிவுகள் நீடிக்கின்றன.

இப்போது குடவாசலுக்கு வருவோம். இந்த மாதிரி வட்ட மருத்துவமனையில் இரவு ட்யூட்டியில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் பிரசவ வலியோடு ஒருத்தி. நடவு வயலில் பாம்பு கடித்து ஒருவர். நெஞ்சுவலி என்று ஒரு பெரியவர். அதற்கிடையே காய்ச்சலில் வலிப்பு வந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தகப்பன் ஓடி வருகிறார். பிள்ளைகளை மட்டும் பார்க்கப் படித்தவரை இங்கே நிறுத்தினால் மற்ற மூவருக்கும் யார்? எல்லாம் தெரிந்த ஒருவர்தான் இங்கே தேவை. மோசமான பிள்ளையை நிலைப்படுத்தி, 108-இல் ஏற்றித் திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்பிவைக்க அந்த நான்காண்டுப் படிப்பு கைகொடுக்கும். 1946-இல் வேலூர் சி.எம்.சி. பி.எஸ்சி. நர்சிங்கைத் தொடங்கிய நாளிலிருந்து நம் பட்டம் பொதுப் பட்டமாகவே இருப்பதில் நியாயம் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஒரு காலத்தில் மருத்துவமனைப் பிள்ளையைப் பெற்றோர் குறித்த நேரத்தில் மட்டுமே வந்து பார்க்கலாம். பிரிந்த பிள்ளை எப்படி வாடுகிறது என்பதை ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-இல் படமெடுத்துக் காட்டினார். 1959-இல் பிளாட் குழு பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கச் சொன்னது. இன்று குடும்பத்தையும் சேர்த்துக் கவனிப்பது அங்கே பாடத்தின் அடித்தளம். நம் வார்டில் அம்மா கட்டிலில், அம்மாச்சி கீழே பாயில் என்பது யாரும் சொல்லித்தராத வழக்கம். ஆனால் அந்த அம்மாச்சியைத் தொந்தரவாகப் பார்த்து அதட்டுகிறவர்களே நம்மிடம் அதிகம். மூச்சு எண்ணவும் பால் புகட்டவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தால் நர்ஸுக்கு அவரே பெரிய துணை. இதில் நாம் அவர்களிடம் படிக்க நிறைய இருக்கிறது.

நம் வழியின் பெரிய ஓட்டை மேற்படிப்பில் இருக்கிறது. பி.எஸ்சி. முடித்து, ஓராண்டு வேலை அனுபவத்தோடு எம்.எஸ்சி. நர்சிங்கில் குழந்தை நலத்தை எடுத்து இரண்டாண்டு படிக்கலாம். அப்படிப் படித்தவர்களில் பெரும்பாலோர் நர்சிங் கல்லூரி ஆசிரியர் ஆகிறார்கள். சம்பளமும் பதவியும் அங்கேதான். பிள்ளையின் கட்டிலருகே அந்தப் படிப்பு வந்து சேருவதில்லை. பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பழகித் தேர்ந்த சிஸ்டரையோ, வார்டு மாற்றம் என்று வேறு பிரிவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் நஷ்டம் பிள்ளைக்கு.

லட்சக்கணக்கில் கடன் வாங்கி வெளிநாட்டுக் குழந்தைகள் நர்சிங் பட்டத்துக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அந்தப் பட்டம் அங்கே வேலை செய்யத்தான் முழுமையானது. பொதுப் பயிற்சி கேட்கும் நாடுகளில் பதிவு பெறுவது கடினம். ஊர் திரும்பினால் இங்கேயும் தகுதிச் சமநிலை பார்ப்பார்கள். பணம் கட்டுமுன் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். இங்கேயே பி.எஸ்சி. முடித்து, ஓராண்டு பச்சிளங்குழந்தை நர்சிங் டிப்ளமோ படிப்பது செலவும் குறைவு, கதவுகளும் அதிகம்.

அரசுக்கும் ஒன்று. தேசிய செவிலியர் ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேறியிருக்கிறது. விதிகளை மாற்றி எழுத இதுவே தருணம். முதல் பட்டம் பொதுவாகவே இருக்கட்டும். டெல்டாவின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் அந்த ஓராண்டு டிப்ளமோவுக்கு இடங்களைக் கூட்டுங்கள். படித்து வந்தவருக்குக் கூடுதல் சம்பளம் கொடுங்கள். ஐந்தாண்டாவது பிள்ளைகள் வார்டிலிருந்து அவரை மாற்றாதீர்கள்.