பறவை நாகங்களின் பறப்பு: ஓர் ஆய்வு வரலாறு

தோற்சிறகு விரித்து வானிற் செல்லும் பறவை நாகம் மேனாட்டுக் கதைகளிற் பெரிதும் பேசப்படுவது. அதனை ஒத்த தோற்சிறகுடைய விலங்கொன்றின் என்புகள் பதினெட்டாம் நூற்றாண்டிலே பவேரியாவின் சுண்ணக்கற் பாறைகளினின்றும் வெளிப்பட்டன. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முற்றாக அழிந்தொழிந்த ஓர் இனத்தின் உயிர்ச்சுவடு அது. இவ்விலங்கு எவ்வாறு பறந்தது என்னும் வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகள், அறிஞரின் முற்கோள்கள் சான்றுகளை எவ்வளவு மறைக்கவல்லன என்பதைக் காட்டுவனவாகும்.

1784இல் இதனை முதன்முதலாக விவரித்த இத்தாலியரான கொலினி, இது கடல்வாழ் விலங்காகலாம் என எண்ணினார். 1801இல் பிரெஞ்சு அறிஞரான கூவியே, இது பறக்கும் ஊர்வன வகையினது எனக் கண்டார். அவர் 1809இல் இட்ட பெயர் ‘சிறகு விரல்’ எனப் பொருள்படும். நான்காம் விரல் மிக நீண்டு சிறகுச் சவ்வைத் தாங்கி நின்றமையே அதற்குக் காரணம். எனினும் 1830இல் யேர்மானியரான வாக்ளர் அச்சிறகை நீந்துதற்குரிய துடுப்பாகவே கொண்டார்.

இத்தயக்கத்துக்கு ஏது யாது? ஊர்வன என்னும் தமிழ்ச் சொல் ஊர்தலைச் சுட்டுகின்றது. மேனாட்டுச் சொல்லும் தவழ்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியாகப் பிறந்ததே. ஊர்வன குளிர்க்குருதியுடையன, ஆற்றல் குன்றியன என்னும் கருத்தும் வேரூன்றியிருந்தது. இங்கிலாந்தில் ஓவன் இவ்விலங்குகளைக் குளிர்க்குருதியுடையனவாகவே கொண்டார். சீலி அதனை மறுத்து, பறத்தலாகிய பெருமுயற்சிக்கு வெங்குருதி இன்றியமையாதது என வாதிட்டார். அவர் 1901இல் வெளியிட்ட நூலின் பெயரே ‘வானத்துப் பறவை நாகங்கள்’ எனப் பொருள்படுவது.

சீலியின் கருத்து உடனே வெற்றி பெறவில்லை. ஆக்ராவிலே பணியாற்றி, பருந்தும் கழுகும் சிறகடியாது வட்டமிடுவதை நுணுகி நோக்கிய ஹாங்கின், 1914இல் வற்சனுடன் இணைந்து இவ்விலங்குகளின் பறப்பை ஆராய்ந்தார். சிறகடித்தலினும் காற்றில் மிதத்தலே இவற்றுக்கு இயல்பு என அவர்கள் கருதினர். 1974இல் பிராம்வெல், விற்பீல்ட் ஆகியோர் ஏறக்குறைய 7 மீற்றர் சிறகு விரிவுடைய தெரனோடனின் எடையை 17 கிலோகிராம் அளவாகக் கணித்து, அது மெல்லக் காற்றில் மிதந்து சென்றது என்றனர்.

1983இல் பேடியன் என்புகளையே மீண்டும் நோக்கினார். அகன்ற மார்பென்பும், புய என்பிலே தசை பற்றுதற்குரிய பெரிய முகடும் வலிய சிறகடிப்புக்குச் சான்றாயின. 2008இல் ஹபீப், இவை நான்கு கால்களாலும் உந்தி எழுந்தன என எடுத்துக்காட்டினார். பறவைகளைப் போல இரு கால்களால் எழுதல் வேண்டும் என்னும் முற்கோளும் இதனாற் தளர்ந்தது.

இதன் பொருள் மிதந்து செல்லுதல் பொய் என்பதன்று. சிறகடித்தலும் மிதத்தலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல; இனத்துக்கு இனம் அவற்றின் அளவு வேறுபட்டது. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தெரனோடன் மிதத்தலில் வல்லது என்றும், ஏறக்குறைய 10 மீற்றர் சிறகு விரிவுடைய கெற்சல்கோத்தலசு அதற்கு ஏற்றதன்று என்றும் கணித்தது. ஆகவே, பறவை நாகங்கள் அனைத்துக்கும் ஒரே பறப்பு முறையை விதித்தல் பொருந்தாது. தொகுதிப் பெயரைக் கொண்டு உயிரின் ஆற்றலை வரையறுத்தமையே நெடுங்காலத் தவறாயிற்று. அதனைத் திருத்தியவை புதிய என்புகள் மாத்திரமல்ல. பழைய என்புகளைப் புதிதாக நோக்கிய கண்களுமாம்.